ஆவாரை முளைக்காதபோதும் பூக்காதபோதும் பட்டுப்போகும்போதும் பார்க்க வேண்டியவை

எங்கள் வேலூர்ப் பகுதியில், ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கரடுகளிலும், வள்ளிமலைப் பாறைச் சரிவுகளிலும், பாலாற்றங்கரை மேட்டு நிலங்களிலும் யாரும் விதைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கிற ஆவாரை, வீட்டு வாசலுக்கோ பள்ளித் தோட்டத்துக்கோ வந்ததும் நலிந்துவிடுகிறது என்ற குறையைத்தான் எங்கள் நாற்றங்காலுக்கு வருகிறவர்களிடம் அதிகம் கேட்கிறோம். காரணங்கள் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கின்றன. மருந்துக்கடையில் பணம் செலவழிக்க வேண்டிய தருணம் அரிதாகவே வருகிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது. அந்த வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

எந்த அறிகுறியானாலும் முதலில் வடிகாலைச் சோதித்துக்கொள்ளுங்கள். செடிக்கு இரண்டடி தள்ளி ஓர் அடி ஆழக் குழி எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டால் மண்ணில் குறையில்லை. மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால், கீழே படிக்கப்போகிற பாதிக் கோளாறுகளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விதை முளைக்கவில்லை

விதைத்து மூன்று வாரம் ஆகியும் தலை காட்டவில்லை என்றால் மண்ணைக் கிளறி விதையை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே நின்று ஊகிப்பதில் பயனில்லை. எடுத்த விதை எந்த நிலையில் இருக்கிறது என்பதே அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடும்.

*விதை போட்டபடியே கல்லாக இருக்கிறது.* இதுவே மிக அதிகம் நேர்வது. ஆவாரை விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. கரட்டில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு அது தளரப் பல மாதங்கள் ஆகும். வீட்டில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். விதை சிறிதளவே இருந்தால் நடுத்தர உப்புத்தாளில் ஒவ்வொன்றையும் நாலைந்து முறை தேய்த்து, தோலின் பளபளப்பு போய் உள்ளிருக்கும் வெளிர் நிறம் ஒரு புள்ளியாகத் தெரியும்போது நிறுத்திவிடுங்கள். காம்பு ஒட்டியிருந்த முனையைத் தேய்க்கக் கூடாது, முளை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. விதை நிறைய இருந்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு விதையின் மேல் ஊற்றி, அப்படியே இரவு முழுவதும் ஆற விடுங்கள். காலையில் உப்பியிருப்பவை விதைக்கத் தயாரானவை. உப்பாதவற்றுக்கு மீண்டும் ஒருமுறை வெந்நீர் ஊற்றலாம். விதையை அடுப்பில் வைத்தே கொதிக்க விடுவது தவறு, அது அவிந்துவிடும்.

பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் நனைத்துத் தோலைக் கரைக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் செய்யவே வேண்டாம், வெந்நீரே போதுமானது.

*விதை உப்பி, பிறகு அழுகிக் கொழகொழத்துவிட்டது.* தோல் தளர்ந்திருக்கிறது, மண்தான் கெடுத்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக விதைக்காதீர்கள். இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு மணலும், நன்றாக மக்கிய எரு ஒரு கைப்பிடியும் சேர்த்தால் போதும். மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதைச் சலித்து, மாவு போன்ற தூளை நீக்கிவிட வேண்டும். அந்தத் தூள் பையின் அடியில் படிந்து சிமெண்டுபோல் இறுகி, தண்ணீரை நிறுத்திவிடுகிறது. தென்னை நார்க்கழிவு பல செடிகளுக்கு நல்லதுதான், ஆவாரைக்கு அது வைத்திருக்கும் ஈரம் மிகுதி.

*விதையில் ஊசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருக்கிறது, அல்லது நசுக்கினால் உள்ளே தூள்தான் வருகிறது.* பயறு வண்டின் இனத்தைச் சேர்ந்த சிறு வண்டு காயிலேயே முட்டை வைத்து, புழு உள்ளிருந்து தின்றிருக்கிறது. அந்த விதைக்கு வைத்தியம் இல்லை. மீதியைத் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை நீக்குங்கள். மூழ்கியவற்றிலும் ஓட்டையுள்ளதைப் பொறுக்கி எறியுங்கள். அடுத்த முறை காய் நன்றாகப் பழுத்து உலர்ந்ததும் தாமதிக்காமல் பறித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து மூடி வையுங்கள்.

*விதையே காணவில்லை.* எலியோ எறும்போ எடுத்துச் சென்றிருக்கிறது. விதைத்த தட்டின் மேல் கொசுவலைத் துண்டு கட்டினால் போதும்.

*விதை சுருங்கிச் சப்பையாக இருக்கிறது.* பச்சைக் காயிலிருந்து எடுத்தது. தட்டையான மெல்லிய காய் பழுப்பேறி, அசைத்தால் உள்ளே சலசலக்கும் பருவத்தில்தான் பறிக்க வேண்டும்.

முளைத்த நாற்று தூரில் ஒடிந்து சாய்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாக மெலிந்து நூலாகியிருந்தால் நாற்றழுகல். நீரை நிறுத்தி, தட்டை வெயிலுக்கு மாற்றி, நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். மிஞ்சியவை தேறும். தண்டு சுத்தமாக வெட்டுண்டு கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. இரவில் டார்ச்சுடன் பார்த்தால் அகப்படும். இரண்டுக்கும் மருந்து வாங்குவதைவிட மறுபடி விதைப்பது எளிது.

நட்ட சில வாரங்களில் வாடி, பட்டுப்போகிறது

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளை நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கி, அரை அடிக்கு ஓரிடத்தில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிகிற இடம் வரை செடி உயிருடன் இருக்கிறது. அதற்கு மேலுள்ளதை வெட்டிவிட்டு, கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

*செடி எங்கிருந்து வந்தது?* கரட்டிலிருந்து கடப்பாரை போட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்த செடி என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். ஆவாரையின் ஆணிவேர் பாறை இடுக்கில் ஆழமாக இறங்கியிருக்கும். தோண்டும்போது அது அறுந்துவிடும், அறுந்த வேரை வைத்துக்கொண்டு மேலே உள்ள தழையைத் தாங்க முடியாது. தழையில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி, சாக்கு கட்டி நிழல் கொடுத்தால் அபூர்வமாக ஒன்று பிழைக்கலாம். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு கைப்பிடி விதை போதுமான இடத்தில் வளர்ந்த செடியைக் கொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

*கவரில் வளர்ந்த நாற்றா?* பக்கத்தில் ஓர் அடி தோண்டி வேரைப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியில் சுருண்டு வளையமாகியிருந்தால், நட்ட பிறகும் அது அதே வளையத்தில்தான் சுற்றுகிறது. பெரிய செடியாக வாங்கினால் சீக்கிரம் பூக்கும் என்று ஆறு மாதம், எட்டு மாதம் கவரிலேயே இருந்ததைத் தேடி எடுப்பவர்களுக்கே இந்தத் தொல்லை நேர்கிறது. ஒரு சாண் உயரத்தில், இரண்டு மூன்று மாத வயதில் நடுவதே சரி. அதைவிடச் சிறந்தது, வெந்நீரில் ஊறிய விதையை ஆடிப்பட்டத்தில் நேரடியாக நிலத்தில் ஊன்றுவது. வேலூருக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், ஆடி, ஆவணி மழையில் முளைத்தது ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசியில் நட்டுவிட்டு அக்கினி நட்சத்திரத்தைக் குறை சொல்லக் கூடாது.

*மண்ணில் நீர் நிற்கிறதா?* தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, தென்னைக்கு விடுவதுபோல் தினமும் தண்ணீர் விடுவதே ஆவாரையைக் கொல்லும் முதல் காரணம். பகலில் வாடி மாலையில் நிமிர்கிற செடிக்குத் தண்ணீர் குறைவு. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கி, மாலையிலும் நிமிராத செடிக்கு வேர் மூச்சு முட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் இன்னும் ஒரு குடம் ஊற்றுவதால்தான் செடி போய்விடுகிறது. பாத்தியை உடைத்து, தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, நீரை முழுவதும் நிறுத்துங்கள். வேர் பிடிக்கும் வரை, அதாவது முதல் கோடையில், வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றினால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து மழையே போதும். ஏரிக்கரை அடிவாரம், நெல் கழனி வரப்பு, செப்டிக் டாங்க் ஓரம் ஆகியவை இந்தச் செடிக்கு உரிய இடங்கள் அல்ல.

*வேர் அழுகியிருக்கிறதா?* சிறு வேர் ஒன்றை எடுத்து இரு விரலால் உருவுங்கள். மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நார் மட்டும் நின்றால் அழுகல் பிடித்துவிட்டது. பாதிக்கு மேல் வேர் நன்றாக இருந்தால், காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரில் ஊற்றலாம். சில வாரங்கள் கழித்து, மக்கிய எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடலாம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் முன்னது பின்னதைக் கொன்றுவிடும். தூர்ப்பட்டை முழுவதும் கறுத்திருந்தால் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு, அதே குழியில் நடாமல் நான்கடி தள்ளி நடுங்கள்.

*கரையானா?* செம்மண்ணிலும் மொரம்பிலும் இதைத் தவறவிடக் கூடாது. தண்டின் அடியில் மண்பூச்சு ஓடியிருந்தால் விரலால் உதிர்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக நெளிந்தால் கரையான். செடியைச் சுற்றிக் காய்ந்த சருகும் வைக்கோலும் மூடாக்காகக் கிடந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். ஆவாரைக்குச் சரளைக்கல் மூடாக்கே பொருத்தம். வேப்பம் பிண்ணாக்கை மண்ணோடு கலந்துவிடுவது அடுத்தது. கரையான் வீட்டுச் சுவரிலும் நிலைக்கதவிலும் ஏறத் தொடங்கியிருந்தால் அது செடியின் பிரச்சினை மட்டுமல்ல. உரிமம் பெற்ற கரையான் ஒழிப்பு ஆட்களை வரவழைப்பதே முறை.

*தண்டில் பட்டை உரிந்திருக்கிறதா?* கஷாயத்துக்காக யாரோ தண்டைச் சுற்றிலும் பட்டை உரித்துவிட்டால், அதற்கு மேலுள்ள பகுதி காய்வதைத் தடுக்க முடியாது. உரிந்த இடத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள், தூரிலிருந்து துளிர்க்கும். இனிப் பட்டை வேண்டுமானால் ஒரு கிளையை வெட்டியெடுத்து, அதிலிருந்து உரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தழைத்து வளர்கிறது, பூக்கவில்லை

*வளர்ந்திருப்பது ஆவாரைதானா?* இதைக் கேட்டால் சிலர் வருத்தப்படுகிறார்கள், ஆனால் சோதிக்க ஒரு நிமிடம்தான் ஆகும். ஆவாரை இலையின் காம்பு தண்டில் சேரும் இடத்தில், இரு பக்கமும் காது மடல் வடிவில் அகன்ற இலைச் செதில்கள் உதிராமல் நிற்கும். சிற்றிலைகள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு இணைகள். ஒவ்வோர் இணைக்கும் நடுவில் குச்சிபோன்ற சிறு சுரப்பி நிமிர்ந்திருக்கும். மூன்றே இணைச் சிற்றிலையும் அரிவாள்போல் வளைந்த மெல்லிய காயும் உடையது தகரை. கூரிய நுனியுள்ள நாலைந்து இணைச் சிற்றிலையோடு, கசக்கினால் கெட்ட வாடை வீசுவது பேயாவாரை. இரண்டும் மழைக்கு முளைத்து எங்கும் பரவுவன, விதை சேகரிக்கும்போது கலந்துவிடுகின்றன.

*முதல் ஆண்டுச் செடியா?* அப்படியானால் பூக்காதது கோளாறே அல்ல.

*வெயில் எவ்வளவு நேரம் படுகிறது?* ஒரு நாள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். நேர் வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் ஆவாரை தண்டை நீட்டி வெளிச்சத்தைத் தேடுமே தவிர, மொட்டு வைக்காது. மாமர நிழலிலும் இரண்டு மாடி வீட்டின் வடக்குச் சுவர் ஓரத்திலும் நட்டதைப் பூக்க வைக்க எந்த உரத்தாலும் முடியாது. நிழல் தரும் கிளையைக் கழிக்க முடிந்தால் கழியுங்கள். முடியாவிட்டால் வேறிடத்தில் புதிதாக விதைத்துவிடுங்கள்.

*என்ன உரம் போட்டீர்கள்?* இலை கரும்பச்சையாக, பெரிதாக, மிருதுவாக இருந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. யூரியா, டிஏபி, புதுச் சாணம், மாவு கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு முழு ஆண்டு நிறுத்துங்கள். பயறுக் குடும்பத்துச் செடி என்பதால், வேர் முடிச்சில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவை இட்டால் நல்லது என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆவாரை சேர்ந்திருக்கும் சென்னா பேரினச் செடிகள் பொதுவாக வேர் முடிச்சு வைப்பதில்லை என்பதால், அந்தப் பொட்டலத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

*எப்போது கவாத்து செய்தீர்கள்?* பூங்கொத்து புதுத் துளிரின் நுனியிலும் அதையொட்டிய இலைக்கக்கங்களிலும் வருகிறது. பொங்கலுக்குப் பூ வேண்டும் என்று நினைப்பவர் கார்த்திகையிலோ மார்கழியிலோ வேலியை ஒழுங்குபடுத்துவதாக நுனியை வெட்டினால், மொட்டோடு சேர்த்தே வெட்டிவிடுகிறார். ஆனி மாதத்தில், மழைக்கு முன்பு, மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்துவிட்டு, பிறகு கத்தரியைத் தொடாமல் இருங்கள். பல ஆண்டுகள் வெட்டாமல் விட்டு, அடி முழுவதும் மொட்டைத் தண்டாகி நுனியில் மட்டும் நாலு இலை நிற்கிற செடியைத் துணிந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். தூர் நன்றாக இருந்தால் அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

இலை மஞ்சளாகிறது, அல்லது ஓரம் கருகுகிறது

அடி இலைகள் மட்டும் பங்குனி, சித்திரையில் மஞ்சளித்து உதிர்ந்தால் செடி கோடைக்குத் தயாராகிறது, விட்டுவிடுங்கள். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியவில்லை. மதில் ஓரத்தில் வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்புக் காரையும் சிமெண்டுத் துண்டும் மண்ணுக்குள் இருக்கின்றனவா என்று தோண்டிப் பாருங்கள். இருந்தால் அவற்றை அள்ளிவிட்டுச் செம்மண் நிரப்புவதே நிலையான தீர்வு. இரும்பு சல்பேட்டு தெளிப்பு தற்காலிகம்தான்.

இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். இதை நம் பகுதியில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கங்களில் முன்பு தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். பின்னர் வாட்டில் என்ற மரத்தின் பட்டையும் குரோமியமும் அந்த இடத்தைப் பிடித்தன. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் பதனிடும் கழிவும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் சேர்ந்து, பல கிணறுகள் பாசனத்துக்கு ஆகாமல் போயின. இதைக் குறித்துத் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆவாரை ஓரளவு உப்பைத் தாங்கக்கூடிய செடிதான், ஆனாலும் ஆழ்துளைக் கிணற்று நீரை இளஞ்செடிக்கு அடிக்கடி சிறிது சிறிதாக விட்டால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

செலவில்லாத சோதனை: ஒரு மாதம் மழைநீரோ நல்ல குடிநீரோ மட்டும் ஊற்றிப் பாருங்கள். புது இலை கருகாமல் வந்தால் குற்றம் தண்ணீருடையது. வராவிட்டால் நீரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகினால் எங்கே கொடுப்பது என்று வழி சொல்வார்கள். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு, அதே நீரில் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் புட்டியில் நீரைப் பிடியுங்கள். மண்ணைப் பல இடங்களில் அரை அடி ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திக் கொடுங்கள். முடிவில் நீரின் மின்கடத்துதிறன் (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உப்பு காரணமல்ல. 3-ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றை நம்பித் தோட்டம் போடக் கூடாது.

இலையில் ஓட்டை விழுகிறது, கொழுந்து மொட்டையாகிறது

மருந்து தெளிப்பானை எடுப்பதற்கு முன் கொழுந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். நெல்லைவிடச் சிறிய, இரு முனையும் கூம்பிய வெள்ளை முட்டை ஒன்று தனியாக நிமிர்ந்து நிற்கும். அருகில் இலையின் நிறத்திலேயே, பக்கவாட்டில் வெளிர்கோடு ஓடும் பச்சைப் புழு நடுநரம்போடு ஒட்டிக் கிடக்கும். நிழல் பட்டால் அசையாது. இது கேடோப்சிலியா பைராந்தி என்ற, பச்சை சாயும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆவாரை, தகரை போன்ற செடிகளே இதன் உணவு. நன்றாக வேர் பிடித்த செடி முழு மொட்டையானாலும் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். எனவே இதைக் கோளாறு என்று கருத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சாண் நாற்றாக இருந்தால் மட்டும் புழுவை இலையோடு எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள்.

பூச்சிக்கொல்லி அடித்த செடியின் பூவைத் தேநீருக்கும் குளியல் பொடிக்கும் எடுக்கக் கூடாது. வீட்டில் யாராவது பூப் பறிக்கிறார்கள் என்றால் அந்தச் செடிக்கு மருந்தே வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சும் எறும்பும்

எறும்பு மட்டும் இலைக்காம்பில் ஓடினால் அது சுரப்பியின் நீருக்காக வந்தது, தீங்கில்லை. கக்கத்தில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பீய்ச்சும் நீரில் கழுவி, மிகுந்த கிளையை வெட்டிவிட்டு, வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. மகரந்தப் பையோ நுனியில் சிறு துளையாகத்தான் திறக்கிறது. கருவண்டு பூவைக் கால்களால் பற்றித் தொங்கி, இறக்கை விரிக்காமல் உடம்பை அதிர வைக்கும்போதுதான் தூள் வெளியே கொட்டுகிறது. அந்த ரீங்காரத்தைக் காலை வேளையில் செடியருகே நின்றால் தெளிவாகக் கேட்கலாம். கேட்கவில்லை என்றால் வண்டு வருவதில்லை. பக்கத்தில் காய்ந்த மூங்கிலோ உலர்ந்த மரக்கட்டையோ இருந்தால்தான் அது துளையிட்டுக் கூடு வைக்கும். பழைய பந்தல் காலைப் பிடுங்கி எறியாமல் விட்டுவைப்பதே இதற்குச் செய்யக்கூடிய உதவி. வண்டு வந்தும் காய் இல்லையென்றால், பூ முழுவதையும் தினமும் பறித்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். கொத்துக்கு நாலு பூவையாவது விட்டுவைத்தால் காய் வரும்.

ஒரே வாரத்தில் பல செடிகள் வாடினால்

தனித்தனியாகச் சோதிப்பதை நிறுத்திவிடுங்கள். அருகில் களைக்கொல்லி தெளித்தார்களா, கழிவுநீர் உடைத்துக்கொண்டு வந்ததா என்று விசாரியுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், பாதி வாடிய செடி ஒன்றை வேரும் தூர்மண்ணும் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிர்ப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள். முழுவதும் செத்துக் காய்ந்த செடியைக் கொண்டுபோனால் அவரால் எதையும் கண்டறிய முடியாது.